அண்ணன் வீட்டு பேஸ்மென்ட்ல இருக்கோம், லைஃப்லைன் போனுக்கு யார் வருமானத்தை காட்டணும்?

#1 உறையூர்_முருகு

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாலு பேரு, நான், வீட்டுக்காரி, ரெண்டு பசங்க. இந்த மார்ச்ல தான் எஃப்4 கிரீன் கார்டுல நியூ ஜெர்சி வந்தோம், அண்ணன் ஸ்பான்சர் பண்ணி பல வருஷம் காத்திருந்து வந்தது. இப்ப அண்ணன் வீட்டு பேஸ்மென்ட்ல தான் இருக்கோம், மாசம் 600 டாலர் வாடகையா கையில குடுத்துடறேன், கீழயே ஒரு கரண்டு அடுப்பு வெச்சு தனியா தான் சமைக்கிறோம்.

எனக்கு ஏஜென்சி மூலமா வேர்ஹவுஸ் வேலை, மணிக்கு 16 டாலர். வீட்டுக்காரி ஒரு டேகேர்ல கொஞ்ச நேரம் போறா. ரெண்டு பேருக்கும் ப்ரீபெய்டு போன். போன மாசம் என் போன்ல பேலன்ஸ் முடிஞ்சு போயி சம்பளம் வர்ற வரைக்கும் ரெண்டு நாள் தள்ளிப் போட்டேன், அந்த ரெண்டு நாள்ல ஒரு நாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு சூப்பர்வைசர் ஷிஃப்டுக்கு கூப்பிட்டிருக்காரு, லைன் கிடைக்கல, வேற ஆளை போட்டுட்டாங்க. ஒரு நாள் சம்பளம் 128 டாலர் போச்சு, அதுக்கு அடுத்த வாரமும் என்னை கடைசியா தான் கூப்பிட்டாங்க.

வேலை எடத்துல ஒருத்தர் லைஃப்லைன்னு ஒரு திட்டம் இருக்கு, வருமானம் கம்மின்னா போன் பில்லுல கழிப்பாங்கன்னு சொன்னாரு. வீட்ல பேசினா அண்ணி பயப்படுறாங்க, கவர்மெண்ட் காசு வாங்கினா ஸ்பான்சர் பண்ண எங்க தலையில தான் வந்து விழும்னு. அண்ணன் ஒண்ணும் சொல்லல, ஆனா முகம் மாறிப் போச்சு. அண்ணன் சாஃப்ட்வேர்ல இருக்காரு, அவர் சம்பளத்தையும் சேர்த்தா நாங்க எந்த லிமிட்லயும் வர மாட்டோம். ஒரே அட்ரஸ்ல இருக்கறதால சேர்த்து தான் பார்ப்பாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 எடிசன்_அக்கா

முருகு தம்பி, நான் வாரத்துல ஒரு நாள் லைப்ரரில உக்காந்து பெரியவங்களுக்கு இந்த மாதிரி ஃபார்ம் போட உதவி பண்றேன், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன், பொறுமையா படிங்க.

லைஃப்லைன் எஃப்சிசின்னு அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையத்தோட திட்டம், நடத்துறது யூசாக்னு ஒரு அமைப்பு. மாசம் 9.25 டாலர் வரைக்கும் கழிவு, வெறும் பேசுற பிளான் மட்டும்னா 5.25 டாலர். தொகை சின்னதா தெரியும், ஆனா பல செல் கம்பெனிங்க அந்த 9.25க்குள்ளயே ஒரு மாச பிளானை முடிச்சு ஒரு பைசா வாங்காம குடுக்கறாங்க. கம்மியில கம்மியா 1000 நிமிஷம் பேச்சும், டேட்டா பிளான்னா 4.5 ஜிபியும் குடுக்கணும்னு ரூல் இருக்கு.

உள்ள போக ரெண்டு வழி. ஒண்ணு, ஸ்நாப் (சாப்பாட்டு உதவி), மெடிக்கெய்ட் (வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கான மருத்துவ உதவி), எஸ்எஸ்ஐ (வருமானம் கம்மியான வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்களுக்கு மாசப் பணம்), அரசு வாடகை உதவி, முன்னாள் ராணுவத்தாருக்கான பென்ஷன், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா போதும். பிள்ளைங்க பேர்ல இருந்தாலும் ஆகும். இன்னொண்ணு வருமானம், ஏழ்மை வரம்புல 135 சதவீதத்துக்குள்ள இருக்கணும். 2025 கணக்குப்படி ஒரு ஆளுன்னா வருஷத்துக்கு 21,128 டாலர், ரெண்டு பேருக்கு 28,553, நாலு பேருக்கு 43,403. அலாஸ்கா, ஹவாய்க்கு வேற கணக்கு. கையில வாங்குற சம்பளம் இல்ல தம்பி, வரி பிடிக்கறதுக்கு முந்தின சம்பளம்.

இப்ப உங்க முக்கியமான கேள்வி. அவங்க பார்க்கறது கூரையை இல்ல, பர்ஸை. ஹவுஸ்ஹோல்டுன்னா ஒரே அட்ரஸ்ல இருந்து வரவு செலவை பங்கு போட்டுக்கறவங்க. நம்ம ஊர்ல ரேஷன் கார்டுக்கு விசாரிக்க வர்றவங்க தனி சமையல் இருக்கான்னு எட்டிப் பார்ப்பாங்க இல்ல, அந்த மாதிரி தான், ஆனா இங்க அடுப்பை விட காசு தான் முக்கியம். நீங்க உங்க சம்பளத்துல உங்க மளிகை, உங்க போன், உங்க பசங்க செலவு எல்லாம் பார்த்துக்கிட்டு அண்ணனுக்கு வாடகை குடுக்கறீங்கன்னா நீங்க நாலு பேரும் தனி ஹவுஸ்ஹோல்டு. அண்ணன் சம்பளம் இதுல வராது.

#3 பே_ஏரியா_வாசு

அக்கா சொல்றது சரின்னா எங்க அப்பா அம்மாவுக்கும் போடலாமே? அவங்களுக்கு இங்க ஒரு வருமானமும் கிடையாது, கிரீன் கார்டு, எங்க கூட தான் இருக்காங்க. தனி ஹவுஸ்ஹோல்டுன்னு போட்டுடலாமா

#4 எடிசன்_அக்கா

வாசு தம்பி, அவங்க சாப்பாடு, மருந்து, இன்ஷூரன்ஸ் எல்லாம் யார் காசு? உங்க காசு தானே. அப்ப அவங்க உங்க ஹவுஸ்ஹோல்டு. அப்பா அம்மா பிள்ளை கையை எதிர்பார்த்து இருக்காங்கன்னா அதுக்கு பேரு தனிக்குடித்தனம் இல்ல. ஃபார்ம்ல கீழ கையெழுத்து போடுற எடத்துல பொய் சொன்னா தண்டனைக்கு ஆளாவேன்னு ஒத்துக்கிட்டு தான் போடறாங்க, எழுபது வயசு ஆளை அப்படி கையெழுத்து போட வைக்காதீங்க. பெரியவங்க தனியா சீனியர் அபார்ட்மென்ட்ல இருந்து எஸ்எஸ்ஐயோ மெடிக்கெய்டோ வாங்கறாங்கன்னா அது வேற, அவங்களுக்கு நான் நெறைய போட்டுக் குடுத்திருக்கேன்.

#5 பே_ஏரியா_வாசு

புரியுது அக்கா. நான் தப்பு பண்ணனும்னு கேக்கல, வருமானம் இல்லன்னா அவ்ளோதான்னு நெனச்சேன். விட்டுடறேன்.

#6 கொக்குவில்_குமரன்

முருகு அண்ணை, நான் நியூயோர்க்கில ஸ்டேட்டன் ஐலண்டில இருக்கிறன். நாங்கள் நாலு பொடியள் ஒரு வீட்டை சேர்ந்து வாடகைக்கு எடுத்து இருக்கிறம், ஆளாளுக்கு தனித்தனி சம்பளம், சாப்பாடும் தனி. எனக்கு முதல்ல ஒரு பொடியன் லைஃப்லைன் எடுத்திட்டான், பிறகு நான் போட்டா இந்த அட்ரஸில ஏற்கனவே ஒராள் இருக்கு எண்டு நிப்பாட்டிப் போட்டாங்கள். எனக்கு ஒண்டும் விளங்கேல்ல, இனி கிடைக்காது எண்டு விட்டிட்டன். பேந்து ஒரு தெரிஞ்ச அன்ரி தான் சொன்னா, ஹவுஸ்ஹோல்டு வேர்க்‌ஷீட் எண்டு ஒரு பேப்பர் இருக்கு, நிரப்பிக் குடு எண்டு. அதில கேக்கிறது சின்னக் கேள்வியள் தான். உன்னோட வேற பெரியாக்கள் இருக்கினமோ, அவைக்கு லைஃப்லைன் இருக்கோ, அவையோட காசைப் பங்கு போடுறியோ. கடைசிக்கு இல்லை எண்டு போட்டன், அதுதானே உண்மை, கிடைச்சிட்டுது. புருசன் பெண்சாதி எண்டா மட்டும் எப்பவும் ஒரே ஹவுஸ்ஹோல்டு தான், ரெண்டு பேரும் ஆளுக்கொண்டு எடுக்கேலாது.

#7 உறையூர்_முருகு

அக்கா, குமரன் தம்பி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்ப எங்க வீட்ல ஒரு போனுக்கு தான் கிடைக்கும், அது என் போனா இருக்கட்டும், ஷிஃப்டு கூப்பிடுறது அதுல தான்.

பசங்களுக்கு நியூ ஜெர்சி ஃபேமிலிகேர்ல, இங்க மெடிக்கெய்டுக்கு அந்த பேரு தான், அப்ளை பண்ணியிருக்கோம், இன்னும் ஒண்ணும் வரல. அதனால வருமானம் வழியில தான் போகணும். ஆனா நாங்க மார்ச்ல தான் வந்தோம், போன வருஷத்து டாக்ஸ் ரிட்டர்னே கிடையாது, என்ன காட்டுறது? அப்புறம் அந்த ஸ்பான்சர் விஷயம், அண்ணி பயம், அது தான் எனக்கு பெரிய தலைவலி.

#8 எடிசன்_அக்கா

டாக்ஸ் ரிட்டர்ன் இல்லன்னா தொடர்ச்சியா மூணு மாச பே ஸ்டப், அதாவது சம்பளச் சீட்டு, குடுக்கலாம். ரெண்டு பேரோடதும் வேணும், நடுவுல ஒரு வாரம் கூட விட்டுப் போகக் கூடாது, அங்க தான் நெறைய பேர் மாட்டறாங்க.

அண்ணி பயத்துக்கு வர்றேன். ஐ-864னு ஸ்பான்சர் பண்றவர் குடுக்கற உறுதிப் பத்திரத்துல அண்ணன் கையெழுத்து போட்டாரே, அதுல பின்னாடி திருப்பி கேக்கக் கூடிய உதவிங்கன்னு சொல்றது எஸ்எஸ்ஐ, ஸ்நாப், மெடிக்கெய்ட், டான்ஃப் (ஏழைக் குடும்பங்களுக்கு பண உதவி), சிப் (பசங்களுக்கான மருத்துவ உதவி) இந்த மாதிரி. லைஃப்லைன் அந்தப் பட்டியல்ல இல்ல. ஸ்நாப்புக்குன்னா ஸ்பான்சர் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பாங்க, லைஃப்லைன்ல யார் ஸ்பான்சர்ன்ற கேள்வியே ஃபார்ம்ல இல்ல. பப்ளிக் சார்ஜும், அதாவது அரசு உதவியை நம்பி வாழறவங்கன்னு சொல்லி கிரீன் கார்டை மறுக்கறது, பல பேர் பயப்படறது தான், 2022 ரூல்ல அவங்க கணக்குல எடுக்கறது மாசாமாசம் கையில குடுக்கற பண உதவியும், அரசு செலவுல நீண்ட நாள் பராமரிப்பு இல்லத்துல இருக்கறதும், போன் கழிவு இல்ல. விசா ரூல்ஸ் மாறிட்டே இருக்கறதால இன்னும் கிரீன் கார்டு கைக்கு வராதவங்க ஒரு வக்கீலை கேட்டுட்டு பண்ணுங்க, கிரீன் கார்டோட வந்தவங்க நீங்க.

அண்ணி மேல வருத்தப்படாதீங்க தம்பி. ஸ்பான்சர் பண்ணி உங்களை கூப்பிட்டவங்க அவங்க, அந்த பேப்பர்ல என்ன இருக்குன்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க.

#9 டல்லாஸ்_ரவி

மன்னிக்கணும், என் மனசுல பட்டதை சொல்றேன். நாங்க எல்லாம் கஷ்டப்பட்டு வரி கட்டறோம், அந்த காசுல தானே இது? அண்ணன் வீட்ல இருக்கறவரு அண்ணன் ஃபேமிலி பிளான்ல ஒரு லைன் சேர்த்துக்கிட்டா முடிஞ்சுது, அரசாங்கத்துக்கிட்ட போகணுமா? இது அந்த ஒபாமா போன் தானே.

#10 கொக்குவில்_குமரன்

ரவி அண்ணை, வருமான வரியில இருந்து வாறதில்லை. உங்கட போன் பில்லை எடுத்துப் பாருங்கோ, கீழ யுனிவர்சல் சேர்விஸ் எண்டு ஒரு கட்டணம் இருக்கும், அந்த நிதியில இருந்துதான் குடுக்கினம். அந்த கட்டணமே சட்டத்துக்கு முரண் எண்டு வழக்குப் போட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2025 ஜூனில ஆறுக்கு மூண்டு எண்டு செல்லும் எண்டு தீர்ப்பு வந்தது. ஒபாமாவுக்கும் இதுக்கும் தொடக்கத்தில ஒரு சம்பந்தமும் இல்லை, 1985ல ரீகன் காலத்தில வந்தது. அதுக்கு முதல் வருசம் ஏடி அண்ட் டி எண்ட பெரிய போன் கம்பெனியை உடைச்சவை, உள்ளூர் போன் கட்டணம் ஏறி ஏழைச் சனம் லைனைக் கைவிட்டிடும் எண்ட பயத்தில தான் தொடங்கினது. செல்போனுக்கு வந்தது பிறகு, இன்டர்நெட்டுக்கு 2016ல.

#11 உறையூர்_முருகு

ரவி சார், கோவமில்ல, நீங்க கேட்டது நியாயமான கேள்வி தான், நானே என்னை கேட்டுக்கிட்டது. அண்ணன் ஏற்கனவே எங்களுக்கு கூரை குடுத்திருக்காரு. ஒவ்வொண்ணுக்கும் அவர் முன்னாடி போய் நிக்கறது எனக்கு கஷ்டமா இருக்கு சார், ஊர்ல நான் சொந்தமா ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தவன். என் சம்பளத்துல என் குடும்பம் ஓடணும், குறையிற எடத்துல சட்டப்படி ஒரு உதவி இருந்தா அதை என் பேர்ல வாங்கணும், அவ்ளோதான்.

#12 டல்லாஸ்_ரவி

சரிங்க முருகு. நான் அப்படி யோசிக்கல. பில்லையும் இப்ப தான் எடுத்து பார்த்தேன், குமரன் சொன்ன லைன் இருக்கு. நீங்க போடுங்க. டெக்சாஸ்ல யாராவது படிச்சா அவங்களுக்கு ஒண்ணு, இங்க ஸ்டேட்டே தனியா நடத்துது, அதனால அப்ளிகேஷன் வழி வேற, பார்த்து போடுங்க.

#13 பே_ஏரியா_வாசு

கலிஃபோர்னியாவும் ஒரிகனும் அப்படித்தான். இங்க கலிஃபோர்னியா லைஃப்லைன்னு தனி, வருமான லிமிட்டும் வேற, கழிவும் அதிகம். என் ஃப்ரெண்டோட அம்மாவுக்கு வந்த அப்ளிகேஷன் பிங்க் கலர் கவர்ல வந்துது, விளம்பரம்னு நெனச்சு குப்பையில போட இருந்தாங்களாம்.

இன்னொண்ணு கேக்கணும், மாசம் 30 டாலர் இன்டர்நெட்டுக்கு குடுத்தாங்களே ஏசிபி, அது இன்னும் இருக்கா?

#14 எடிசன்_அக்கா

இல்ல வாசு, அது போச்சு. 2024 பிப்ரவரி 7ஓட புது ஆள் சேர்க்கறதை நிறுத்திட்டாங்க, ஏப்ரல் மாசம் தான் முழுசா குடுத்த கடைசி மாசம், ஜூன் 1ல மொத்தமா முடிஞ்சுது. காங்கிரஸ் பணம் ஒதுக்கல, 2 கோடியே 30 லட்சம் குடும்பம் அதுல இருந்துது. லைப்ரரிக்கு வந்து பில்லை காட்டி ஏன் திடீர்னு ஏறிடுச்சுன்னு கேட்ட பாட்டிங்களுக்கு பதில் சொல்ல எனக்கு வாய் வரல. ஏசிபில லிமிட் ஏழ்மை வரம்புல 200 சதவீதம், ஸ்கூல் சாப்பாடு, விக் (தாய், சின்ன குழந்தைங்களுக்கான சத்துணவு உதவி) எல்லாம் கூட செல்லுபடியாச்சு. லைஃப்லைன்ல அது செல்லாது, பழைய வெப்சைட்டை பார்த்துட்டு ஏமாறாதீங்க.

நான் தெனம் பார்க்கற இன்னொரு குழப்பம், மெடிகேரும் மெடிக்கெய்டும். மெடிகேர் கார்டை கொண்டு வந்து நீட்டுவாங்க. அது 65 வயசுக்கு மேல வர்றது, அதுக்கு லைஃப்லைன் கிடையாது. மெடிக்கெய்டு தான் கணக்கு. நியூ ஜெர்சில கரண்டு பில்லுக்கு பெரியவங்களுக்கு குடுக்கற 225 டாலர் உதவிக்கும் லைஃப்லைன்னு தான் பேரு, அது வேற, இது வேற.

#15 உறையூர்_முருகு

அக்கா, நேத்து ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். ஜூன்ல ரெண்டு பேருக்கும் சேர்த்து 3,430, ஜூலை 3,460, ஆகஸ்ட்ல ஓவர்டைம் வந்துது அதனால 3,790. மொத்தம் 10,680, அதை நாலால பெருக்கினா 42,720. லிமிட் 43,403. வெறும் 683 டாலர் தான் இடைவெளி. இன்னும் ரெண்டு சனிக்கிழமை வேலைக்கு போயிருந்தா தாண்டிருக்கும். சனிக்கிழமை வேலைக்கு போனதுக்கு யோசிக்க வெக்குதேன்னு ஒரு மாதிரி இருந்துது.

ஆன்லைன்ல போட்டேன். இப்ப என் அடையாளத்தை சரிபார்க்க முடியலன்னு வருது. பேரு தான் பிரச்சனைன்னு நெனைக்கிறேன். பாஸ்போர்ட்ல என் பேரும் அப்பா பேரும் சேர்த்து கிவன் நேம்ல இருக்கு, சர்நேம் காலி. சோஷியல் செக்யூரிட்டி கார்டுல அப்பா பேரு கடைசி பேரா வந்துடுச்சு. பே ஸ்டப்ல வெறும் இனிஷியல். என்ன பண்றது?

#16 எடிசன்_அக்கா

நம்ம தமிழ் ஆளுங்க பத்து பேர்ல அஞ்சு பேருக்கு இதே தான். ஒரு ஐயாவுக்கு விசாவுல எஃப்என்யூன்னு அடிச்சுட்டாங்க, முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம், அவரை ஆஸ்பத்திரில மிஸ்டர் எஃப்என்யூன்னே கூப்பிட்டிருக்காங்க, பாவம் அவருக்கு ஏன்னே தெரியல.

வழி இது தான். அப்ளிகேஷன்ல பேரை சோஷியல் செக்யூரிட்டி கார்டுல எப்படி இருக்கோ அட்சரம் பிசகாம அப்படியே அடிங்க, பாஸ்போர்ட்டை மறந்துடுங்க. அவங்க கம்ப்யூட்டர் ஒத்துப் பார்க்கறது பேரு, பிறந்த தேதி, நம்பரோட கடைசி நாலு இலக்கம் இந்த மூணும் தான். அப்பவும் ஒத்து வரலன்னா அந்த கார்டு போட்டோவை அப்லோடு பண்ண சொல்லும், மங்கலா இல்லாம, நாலு மூலையும் தெரியற மாதிரி வெளிச்சத்துல வெச்சு எடுங்க. அட்ரஸ் கிடைக்கலன்னு வந்தா மேப்ல வீட்டு மேல குத்தி காட்டலாம். ஆன்லைன் ஒத்து வரலன்னா பேப்பர் ஃபார்மும் இருக்கு, 800-234-9473க்கு போன் பண்ணியும் கேக்கலாம்.

ஓகே ஆனதும் 90 நாளைக்குள்ள கம்பெனியை தேர்ந்தெடுத்து சேரணும், இல்லன்னா திரும்ப முதல்ல இருந்து.

#17 மதுரை_மல்லி

ரொம்ப நாளா படிக்க மட்டும் செய்யறவ நான், இன்னைக்கு எழுதணும்னு தோணுச்சு. புருஷன் ஃபேமிலி பிளான்லயே லைன் இருக்கற பொண்ணுங்க இதை தெரிஞ்சுக்கோங்க. வீட்ல அடி உதை, மெரட்டல்னு இருந்து வெளிய வரணும்னா முதல்ல தடையா நிக்கறது போன் தான். யாரை கூப்பிட்டாலும் பில்லுல தெரியும், கோவம் வந்தா லைனையே கட் பண்ணிடுவாங்க. 2022 டிசம்பர்ல சேஃப் கனெக்‌ஷன்ஸ் ஆக்ட்னு சட்டம் வந்துருக்கு. தகுந்த பேப்பரோட கேட்டா உங்க லைனையும் பசங்க லைனையும் அந்த பிளான்ல இருந்து ரெண்டு வேலை நாளுக்குள்ள பிரிச்சு குடுக்கணும், நம்பர் மாறாது, அவரோட சம்மதம் வேண்டாம். அப்படி பிரிஞ்சு வந்தவங்க பண கஷ்டத்துல இருந்தா ஆறு மாசம் வரைக்கும் அவசர லைஃப்லைன் கிடைக்கும். பேப்பர்னா போலீஸ் ரிப்போர்ட் மட்டும் தான்னு இல்ல, டாக்டர், சோஷியல் வொர்க்கர் கையெழுத்து போட்டதும் செல்லும்.

எனக்கு தெரிஞ்ச ஒரு தங்கச்சிக்கு இது தெரியாம போச்சு. ஸ்கூல்ல இருந்து வர்ற கால் கூட அவருக்கு தான் போயிட்டு இருந்துது.

#18 எடிசன்_அக்கா

மல்லி, இதை எழுதினதுக்கு கோடி புண்ணியம்மா. லைப்ரரில இதை தமிழ்ல அடிச்சு ஒட்டறேன்.

#19 கொக்குவில்_குமரன்

ஒண்டு சொல்ல மறந்திட்டன், ரோட்டில டென்ட் போட்டு ஃப்ரீ டேப்லட் எண்டு கூப்பிடுவாங்கள், கவனம். எங்கட பொடியன் ஒருத்தன் போய் கார்டைக் காட்டி ரெண்டு கையெழுத்து போட்டிட்டு வந்தான். அடுத்த கிழமை அவன்ர பழைய போன் செத்துப் போச்சு, கழிவை அந்தக் கம்பெனிக்கு மாத்தி விட்டிருக்கிறாங்கள். ஒரு வீட்டுக்கு ஒண்டு தானே, புதுசு ஏறினா பழசு இறங்கும். ஃபோன் கருவி லைஃப்லைன்ர பகுதியும் இல்லை, கம்பெனியள் தாங்களா குடுக்கிறது.

#20 உறையூர்_முருகு

எல்லாருக்கும் ஒரு நல்ல சேதி. கார்டுல இருந்த மாதிரியே பேரை அடிச்சேன், அப்பவும் கேட்டுது, போட்டோ போட்டேன், நாலு நாள்ல தகுதி இருக்குன்னு வந்துடுச்சு. கம்பெனி சிம் அனுப்பி நேத்து போட்டாச்சு, பழைய நம்பரையே வெச்சுக்கிட்டேன். அக்கா எழுதினதை அண்ணிக்கிட்ட படிச்சு காட்டினேன். அந்த ஐ-864 காப்பியை அவங்களே பீரோல இருந்து எடுத்துட்டு வந்து கண்ணாடி போட்டுக்கிட்டு வரி வரியா பார்த்தாங்க. அப்புறம் ஒண்ணும் பேசல, கீழ எங்களுக்கு ஒரு கிண்ணத்துல வத்தக்குழம்பு குடுத்து விட்டாங்க.

அக்கா, ஒரு சந்தேகம். இது ஒரு தடவை வாங்கினா அப்படியே ஓடுமா? பழைய போனை வீட்டுக்காரி வாட்ஸ்அப்க்கு வெச்சிருக்கா, நானும் வீட்ல வைஃபைல வாட்ஸ்அப் கால் தான் ஊருக்கு.

#21 எடிசன்_அக்கா

நல்ல வேளை கேட்டீங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு பாட்டி, தெனம் ராத்திரி காரைக்குடில இருக்கற தங்கச்சிக்கிட்ட ஒரு மணி நேரம் பேசுவாங்க, எல்லாமே வைஃபைல வாட்ஸ்அப். கம்பெனி கணக்குல அந்த போன் தூங்கிட்டு இருக்கு. காசு வாங்காத பிளான்னா 30 நாள் ஒண்ணும் பண்ணலன்னா நோட்டீஸ் வரும், அதுக்கப்புறம் 15 நாள்ல எடுத்துடுவாங்க. பாட்டிக்கு இங்கிலீஷ்ல வந்த மெசேஜ் புரியல, லைன் போச்சு, டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டும் போச்சு. அதனால வாரத்துல ஒரு தடவை சிம்ல இருந்து அண்ணனுக்கு ஒரு கால் போடுங்க, இல்ல ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்க.

வருஷம் ஒரு தடவை இன்னும் தகுதி இருக்கான்னு பார்ப்பாங்க. அவங்களே கண்டுபிடிக்க முடியலன்னா லெட்டர் வரும், 60 நாளைக்குள்ள பதில் போடணும். சம்பளம் ஏறி லிமிட் தாண்டினா நீங்களே 30 நாளைக்குள்ள சொல்லிடணும். அண்ணன் வீட்டை விட்டு தனியா போனாலும் புது அட்ரஸ் 30 நாளைக்குள்ள.

#22 உறையூர்_முருகு

சரிக்கா. லெட்டர் எல்லாம் மேல தான் வரும், அண்ணி தான் பெட்டியில இருந்து எடுப்பாங்க. லைஃப்லைன்னு போட்டு வந்தா எடுத்து வெய்யுங்க அண்ணின்னு சொல்லிட்டேன். ஃப்ரிட்ஜ் மேல ஒரு டப்பா வெச்சிருக்காங்க, அதுல என் பேரை தமிழ்ல எழுதி ஒட்டியிருக்காங்க.